பதிவேட்டின் ஓரத்தில் ஒரு வரி

நான் ஒரு சந்தேகக்காரி. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். பார்த்த பிறகும் அது முந்தநாள் மீன் என்றுதான் நினைப்பேன். ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் இந்த வீட்டை வாங்கியபோது பேஸ்மென்ற் சுவருக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தார்கள் என்பதற்காகவே மூன்று தடவை போய் முகர்ந்து பார்த்தேன். என்னைப் பொலிசில் சேர்த்திருக்க வேண்டும் என்று என் கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும். அவர் போனைக் கவிழ்த்து வைத்தால் எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும்.

ஆகவே என் தங்கைக்கு முப்பத்தைந்து வயதில் கலியாணம் சரிவந்தபோது எல்லோரும் சந்தோசப்பட்டார்கள், நான் மாப்பிள்ளையைத் துருவத் தொடங்கினேன். அவர் எங்கள் ஊர்தான். சின்ன வயதிலேயே தாய் தகப்பனோடு கனடாவுக்கு வந்துவிட்டவர். மார்க்கம் நகரில் சொந்த வீடு, வீடுகளைச் சூடாக்கும் ஃபேர்னஸ் திருத்தும் நல்ல வேலை. நாற்பது வயது வரைக்கும் இப்படி ஒரு ஆண்பிள்ளை சும்மா இருந்திருப்பானா? எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலில் கழற்றும் சப்பாத்தை ஒழுங்காக அடுக்கி வைப்பார், தேத்தண்ணிக் கோப்பையைத் தானே கழுவுவார். இவ்வளவு நல்ல பிள்ளையாக நடப்பவர்களை நான் நம்புவதில்லை.

என் சந்தேகத்துக்குத் தீனி போட்டது ஞானஸ்நானப் பத்திரம். கத்தோலிக்கக் கோயிலில் கலியாணம் என்றால், இரண்டு பேரும் ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோயிலிலிருந்து புதிதாகப் பத்திரம் எடுக்க வேண்டும். பழையது செல்லாது. ஒருவர் உலகத்தின் எந்த மூலையில் கலியாணம் முடித்தாலும் அந்தச் செய்தி அவருடைய முதல் கோயிலுக்குப் போய், ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில், ஓரத்தில் ஒரு வரியாக ஏறிவிடும். யாரோ என்னைப் போன்ற ஒருவர் போட்ட சட்டமாகத்தான் இருக்கும். ஸ்காபரோப் பங்குச் சுவாமி கேட்டு ஆறு மாதமாகியும் ஊரிலிருந்து பத்திரங்கள் வரவில்லை. தபால் பிந்துகிறது என்றாள் தங்கை. மாப்பிள்ளையோ அவசரமில்லை என்றார். கலியாணம் பேசிய மனிதனுக்கு எப்படி அவசரமில்லாமல் போகும்?

எங்கள் கோயில் மன்னார்க் கரையில், கடற்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது. ஒவ்வொரு வள்ளமும் தன் பங்குக்குக் கல் ஏற்றிக்கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். ஒரு தூண் மட்டும் மற்றவற்றைவிடப் பருமன். அதைத் தங்கள் பாட்டன்தான் கட்டினார் என்று நாலு குடும்பங்கள் இன்றைக்கும் ரொறன்ரோவில் திருநாள் சாப்பாட்டு மேசையில் சண்டை பிடிக்கும். போர் இறுகி ஊரே எழும்பியபோது, வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டு, புனிதரின் சுருவத்தையும் கோயில் மணியையும் பதிவேடுகள் இருந்த தகரப்பெட்டியையும் கொண்டு போனார்கள். மணியைப் பாதி வழியில் புதைக்க வேண்டி வந்தது. பெட்டியை விடவில்லை. அது பதுங்குகுழிக்குள்ளும் இருந்தது. தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே நடந்த ஞானஸ்நானங்களும் சாவுகளும் தேதி பிசகாமல் அதில் ஏறின. எங்கள் சனம் எதை விட்டாலும் எழுதாமல் விடாது.

அம்மாவும் தங்கையும் அந்தச் சனத்தோடு போனார்கள்; நான் அப்போது இங்கேதான் இருந்தேன். பார்க்டேலில் ஒரு அப்பார்ட்மென்ற்றில், ரேடியோவுக்குப் பக்கத்தில்.

ஒரு நாள் காலை வேலைக்குப் போகுமுன் ஊர்க் கோயில் மூப்பருக்குப் போன் எடுத்தேன். பங்குச் சுவாமிக்கு அடுத்தபடியாகக் கோயிலைப் பார்ப்பவர் அவர்தான். மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, பதிவேட்டில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முக்கியமாக ஓரம் தெரிய வேண்டும் என்றேன். அரைமணி நேரத்தில் படம் வந்தது. ஓரத்தில் ஒன்றுமே இல்லை. சுத்தமான வெறும் கடதாசி. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சொல்ல வெட்கம்தான், ஆனால் அதுதான் உண்மை.

பிறகு மூப்பரே போன் எடுத்தார். மாப்பிள்ளையின் பத்திரம் எப்போதோ ஆயத்தம் என்றும், தங்கையின் பத்திரத்தை வைத்துக்கொண்டுதான் ஊர்ப் பங்கு ஃபாதர் யோசிக்கிறார் என்றும் சொன்னார். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். நீங்களே பாருங்கள் என்று போனை வைத்தார். பிறகு இரண்டாவது படம் வந்தது.

தங்கையின் பெயர். பக்கத்தில், ஓரத்தில், நீல மையில் ஒரு வரி. அவளுக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது, இடம்பெயர்ந்த இடத்தில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்தவனோடு விவாகம்.

முதலில் யாரோ கலியாணத்தைக் குழப்ப எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கி மையைப் பார்த்தேன். அதற்கு மேலும் கீழும் இருந்த பெயர்களின் ஓரத்திலும் அதே விவாகத் தேதி, அதே கையெழுத்து. வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டுத் தங்கையின் அப்பார்ட்மென்ற்றுக்குப் போனேன்.

அவள் தோய்த்த உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். பார்த்தாள், ஒரு சட்டையை மடித்து முடித்தாள், பிறகு உட்கார்ந்து சொன்னாள். சண்டைக்கு ஆள் சேர்க்கப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. கலியாணம் முடித்தவர்களை விடுகிறார்கள் என்று ஒரு கதை பரவ, ஊரே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தறப்பாள் கோயிலுக்கு ஓடியது. ஒரே காலையில் பல சோடிகள். ஊருக்குள் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு தாலி. அதைக் கட்டி, கழற்றி, அடுத்த சோடிக்குக் கொடுத்தார்கள். தங்கையின் கழுத்தில் அது செபம் ஒன்று சொல்லும் நேரம்கூட இருக்கவில்லை. முடிந்ததும் அவன் தன் தாயின் கொட்டிலுக்குப் போனான், இவள் அம்மாவோடு வந்தாள். பிறகு கலியாணம் முடித்தவர்களையும் பிடிக்கத் தொடங்கினார்கள். அவனைக் கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வருசம் என்னோடு இருந்து சாப்பிட்டவள்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள்தானே அக்கா அம்மாட்டைச் சொன்னனீங்கள்," என்றாள், குற்றம் சாட்டாமல். "என்னவும் செய்து அவளைக் காப்பாத்துங்கோ, என்ன செய்தனீங்கள் எண்டு மட்டும் எனக்குச் சொல்லாதேங்கோ, என்னாலை தாங்கேலாது எண்டு. அம்மா சாகும்வரைக்கும் அதைக் காப்பாத்தினவ."

எனக்கு ஞாபகம் வந்தது. இரைச்சலான லைன், அம்மாவின் குரல் போய்ப் போய் வந்தது, நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன். மீனின் செவுளைக்கூட விடாதவள், அந்த ஒரு தடவை எனக்குத் தெரிய வேண்டாம் என்றேன். அந்த ஒரு தடவைதான் கேட்டிருக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு இது தெரியுமா என்று மெதுவாகக் கேட்டேன். இரண்டாம் தரம் சந்தித்தபோதே சொல்லிவிட்டாளாம். தெரியாமல் இருந்தது நான் ஒருத்திதான்.

இப்போது பத்திரம் ஏன் நிற்கிறது என்பதும் விளங்கியது. அவன் உயிரோடு இருந்தால் இவள் இன்னொருவனின் மனைவி. இறந்துவிட்டான் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவனுடைய தாய் மரணப் பத்திரம் எடுக்க மறுத்துவிட்டார். காணாமல் போன மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு, பதில் கேட்டு இன்றைக்கும் தெருவோரம் உட்கார்பவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தாய் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் ஆயருக்கு அனுப்பலாம் என்று ஃபாதர் சொல்லியிருக்கிறார். தங்கை கேட்கவில்லை.

"அவன் செத்திட்டான் எண்டு சொல்லுங்கோ எண்டு நான் எப்பிடி அவவிட்டைக் கேக்கிறது?" என்றாள்.

நான் கேட்கிறேன் என்றேன். ஞாயிறு காலை, எங்கள் சமையலறையில் தங்கையும் மாப்பிள்ளையும் இருக்க, மூப்பருக்கு ஸ்பீக்கரில் போன் எடுத்தேன். அவர் கோயில் வாசலில் இருந்த அவனுடைய தாயிடம், அந்த மாமியிடம், போனைக் கொடுத்தார். நான் சுற்றி வளைத்துச் சொன்னேன். சொல்ல வேண்டிய அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை.  மாமி, மாப்பிள்ளை யார் என்று கேட்டார். குடும்பப் பெயரைச் சொன்னேன்.

"பொய் சொல்லாதை பிள்ளை," என்றார், குரலைத் தாழ்த்தி. "அது என்ர மகன்தானே? பேரை மாத்தி அங்கை வைச்சிருக்கிறியள். எனக்கு மட்டும் சொல்லு. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

 இல்லை மாமி, இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். படம் அனுப்பு, காது தெரிய வேண்டும் என்றார். அவருடைய மகனுக்கு இடது காதில் தூண்டில் கிழித்த வெட்டு ஒன்று இருந்ததாம்.

மாப்பிள்ளைக்கு எல்லாம் கேட்டிருந்தது. யாரும் சொல்லாமலே கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், தலைமுடியை ஒதுக்கி, வெட்டொன்றும் இல்லாத இடது காதைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் படம் எடுத்தேன். காது தெளிவாக விழவில்லை என்று இரண்டாம் தரமும் எடுத்தேன்.

மறுநாள் மூப்பர் போன் எடுத்துச் சொன்னார். மாமி அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாராம். பிறகு எழும்பி ஃபாதரிடம் போயிருக்கிறார். இறந்துவிட்டான் என்று எழுத விடவில்லை. தான் சொல்வதை மட்டும் எழுதச் சொல்லிக் கீழே கையெழுத்து வைத்திருக்கிறார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அவன் கனடாவிலையும் இல்லை."