பன்னிரண்டு வோல்ட்

நல்ல நிலையில் இருந்த ஒரு கிராபிக்ஸ் கார்டை நான்தான் கொன்றேன். பழியைச் சேவியர் மேல் போட்டேன். அதுவும் அவனுடைய சொந்த அக்காவிடமே!

ஒரு கார்டுதானே என்று நீங்கள் கேட்கலாம். கணினியின் படத்தைத் திரைக்கு அனுப்பும் ஒரு பலகை, அதற்கா இத்தனை புலம்பல் என்று... பொறுங்கள்.

சேவியரும் நானும் ஆயர் குரோவில் ஒரே கடையில் கணினி ரிப்பேர் பார்த்தவர்கள். பிறகு அவன் தஞ்சோங் கிளிங்கில் தனியாகக் கடை போட்டான். நான் புக்கிட் பெருவாங்கில் போட்டேன். என் வாடிக்கையாளர்கள் சிலர் அவனிடம் போனார்கள். தாமாகப் போனார்களா, அவன் இழுத்தானா? இழுத்தான் என்றே முடிவு கட்டிக்கொண்டேன். ஆதாரம் ஒன்றும் கிடையாது. சந்தேகப்பட ஆதாரம் எதற்கு!

அவன் அக்கா ஸ்டெல்லா, கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பவர். அவருக்காகச் சேவியர் பழைய கார்டு ஒன்றைச் சரிசெய்து அன்பளிப்பாகக் கொடுத்திருந்தான். ஒருநாள் அவருடைய திரை இருண்டுவிட்டது. கார்டை மட்டும் கழற்றிக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த என் கடைக்கு வந்தார்.

"தம்பி, இவன் எனக்கு நல்லதத்தான் குடுத்தானா? பாத்து சொல்லு லா."

அவருக்கும் ஒரு சின்னச் சந்தேகம் இருந்திருக்கிறது. அதற்கு எண்ணெய் ஊற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் இருந்தேன்.

முதலில் என்ன செய்திருக்க வேண்டும்? கார்டை என் கடைக் கணினியில் மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். நேற்றுத் தொழிலுக்கு வந்தவனும் அதைத்தான் செய்வான். நான் செய்யவில்லை... கார்டின் திருகுகளில் கீறல் இருந்தது. சேவியர் கழற்றிய கீறல்! கோளாறு இதற்குள்தான் என்று அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மீட்டரின் ஒரு முனையைச் சிப்புக்கு மின்சாரம் போகும் வழியிலும் மறுமுனையைக் கிரவுண்டிலும் வைத்தேன். மின்தடை அரை ஓம் கூடக் காட்டவில்லை. ஷார்ட்! மாட்டிக்கொண்டான்! பெரிய சிப்புகள் நல்ல நிலையிலேயே அவ்வளவுதான் காட்டும். எனக்குத் தெரியாதா? தெரியும். வேறு யாருடைய கார்டாக இருந்தாலும் அது ஞாபகம் வந்திருக்கும்.

ஷார்ட் எங்கே என்று கண்டுபிடிக்க, பவர் சப்ளையிலிருந்து குறைந்த மின்சாரம் செலுத்தி எந்த இடம் சூடாகிறது என்று பார்ப்போம். அந்தச் சிப்பு ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே போனாலும் தாங்காது. அன்று காலையில் ஒரு கார் விசிறியைச் சோதிப்பதற்காகப் பவர் சப்ளையைப் பன்னிரண்டு வோல்ட்டில் வைத்திருந்தேன். குமிழைத் திருப்பினேனா? இல்லை. பார்க்கக்கூட இல்லை... அவனைப் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம்!

சின்னதாக ஒரு சத்தம். கருகல் வாடை. மீண்டும் அளந்தேன். மீட்டர் சுத்தமாகப் பூச்சியம் காட்டியது. இப்போதுதான் நிஜமான ஷார்ட்.

ஸ்டெல்லா திரும்பி வந்தபோது என் குரல் தடுமாறவே இல்லை. "எப்பவோ செத்த கார்டுக்கா. ஒப்பேத்தி குடுத்திருக்கான்."

"கூடப் பொறந்தவ தலையிலேயே கட்டிட்டானா?" என்றார்.

அவர் புதுக் கார்டு வாங்கி மாட்டினார். அதிலும் திரை இருண்டே கிடந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கார்டுக்குப் போகும் மின்கேபிள் தளர்ந்திருந்தது. அழுத்திச் செருகினேன். படம் வந்தது! அப்படியானால் அந்தக் கார்டுக்கு ஒரு நோயும் இருந்ததில்லை. அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம்... ஸ்டெல்லா தேநீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அவருடைய மகள் தேவாலயத்தில் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு என்னைக் கூப்பிட்டார். தாய்மாமன் சேவியரைக் கூப்பிடவில்லை. நான் போய்ச் சாப்பிட்டேன். ஆம், சாப்பிட்டேன்!

பிறகு சேவியர் என் கடைக்கு வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்து, பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவன் முக்காலியில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான்:

"அண்ணே, நான் குடுக்கறப்ப நல்லா ஓடிச்சுண்ணே. நானே எங்கயாச்சும் தப்பு பண்ணிட்டனா?"

"இருக்கலாம்," என்றேன்.

கார்டைக் கொன்றதையாவது கவனக்குறைவு என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தச் சொல்லை என்னவென்று சொல்வீர்கள்? அவன் தன் கைகளையே சந்தேகிக்கத் தொடங்கிவிட்டான். இப்போது தான் ரிப்பேர் செய்யும் கார்டையெல்லாம், வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன் என்னிடம் கொண்டுவருகிறான். "ஒரு தடவ அளந்து சொல்லுங்கண்ணே." அளக்கிறேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. நான் தலையசைத்த பிறகுதான் எடுத்துப் போகிறான். அக்காவுடன் இன்னும் பேச்சு இல்லை.

உண்மையிலேயே நம்பித்தான் வருகிறானா? அல்லது எல்லாம் தெரிந்துகொண்டு வருகிறானா? கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை... நேற்றும் வந்தான். நான் அளக்கும்போது அவன் மீட்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.