கன்னியப்பனின் நாலாவது கிளை

சட்டைப் பொத்தான்

துரைசாமி என் சட்டையைப் பிடித்ததில் இரண்டு பொத்தான் போய்விட்டது. நான் கேட்டது ஒரே கேள்விதான்: "உங்க தாத்தாவுக்குப் பொண்ணு எதுவும் இல்லியா?" செத்தவருக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டால் உயிரோடு இருக்கிறவர் அடிக்க வருவார். வம்சாவளி எழுதுகிற தொழில் அப்படி.

1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் பத்திரம் எழுதும் ஏகாம்பரத்திடம் சேர்ந்தேன். வல்லம் வடகால் பக்கம் நிலம் வாங்க ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். பட்டா பாதி செத்தவர்கள் பேரில் இருந்தது. அவர்களுக்கு யார் யார் வாரிசு என்று வீடு வீடாகக் கேட்டு, பெரிய தாளில் கிளை கிளையாக எழுத வேண்டும். ஒரு கிளை விட்டுப்போனாலும் வாங்கினவர் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான். பத்தாவதில் கணக்கில் பெயிலாகி வீட்டில் கிடந்த எனக்குக் கையெழுத்து மட்டும் நன்றாக இருந்தது. அது போதும் என்றார் ஏகாம்பரம்.

அப்படி ஒரு பட்டா கன்னியப்பன் பேரில் இருந்தது; அவர் செத்து அப்போதே முப்பது வருஷம் ஆகியிருந்தது. மகன்கள் மூன்று பேர், அவர்களும் போய்விட்டார்கள். மூத்தவரின் மகன்தான் துரைசாமி. தாத்தா சம்பாதித்து வாங்கிய நிலத்தை விற்க அவசரப்பட்டவரும் அவர்தான். என் சட்டையை விட்டுவிட்டுச் சொன்னார்: "பொறந்தவன்லாம் இங்க நின்னுகினு கீறோம். நீ இன்னாத்துக்குடா புதுசா ஒண்ணு பெத்துக் குடுக்கற?"

ரேஷன் கார்டு

அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் பேரையெல்லாம் வயசோடு ஒரு தாளில் எழுதிப் பார்த்தவர்களுக்கு என் தலைவலி புரியும். துரைசாமி வீட்டில் முதலில் நீட்டிய ஆதாரம் ரேஷன் கார்டு. அதன்படி துரைசாமியைவிட அவரைப் பெற்ற அம்மா ஆறு வயதுதான் பெரியவர்.

இதை எப்படி எழுதுவது என்று துரைசாமியின் மனைவியிடம் கேட்டேன். கார்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்: "இந்தக் கார்டுக்கு மாசாமாசம் சக்கர குடுக்கறான். அவனுக்கே தெரியாதது உனக்குத் தெரிஞ்சிபோச்சா?"

படித்ததும் கிழிப்பது

ஏகாம்பரம் ஒரு வழி சொன்னார். கருமாதிப் பத்திரிகையைத் தேடு; மகன், மகள், மருமகன், பேரன் என்று ஒருத்தர் விடாமல் போட்டிருப்பார்கள்; ஒரு பேர் விட்டாலும் அன்றைக்கே அடிதடிதான் என்றார். நல்ல யோசனை. ஆனால் கல்யாணப் பத்திரிகையைப் பெட்டியில் வைக்கிறவர்கள் கருமாதிப் பத்திரிகையைப் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள். வீட்டில் இருந்தால் அடுத்த சாவு வருமாம். ஏழு வீடு ஏறினேன். ஏழு வீட்டிலும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

படப்பையில் சைக்கிள் கடை வைத்திருந்த மாணிக்கம், இரண்டாவது மகனின் பிள்ளை. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே, யோசிக்காமல் சொன்னார்: "அத யார்னா வூட்ல வெப்பாங்களா? பென்னலூர் அத்த வூட்ல வேணா கேளு, அவங்க வேதக்காரங்க, கிழிக்க மாட்டாங்க."

பைபிளுக்குள்

அத்தை என்றால் அப்பாவோடு பிறந்தவர். அப்படியென்றால் கன்னியப்பனின் மகள். கணக்கு வராத எனக்கே அது வந்துவிட்டது. போய்த் துரைசாமியிடம் கேட்டேன். பொத்தான் போனது. மறுநாள் பென்னலூருக்குப் போனேன்.

அத்தை தனலட்சுமி இறந்து நாலு வருஷமாம். மகள் அருள்மேரி கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து வந்து, யூனிஃபாரம் கூட மாற்றாமல் நின்றார். பைபிளைத் திறந்து ஓரத்தில் கறுப்புக் கோடு போட்ட அட்டை ஒன்றை எடுத்தார். கன்னியப்பனின் கருமாதிப் பத்திரிகை. மகன்கள் மூன்று பேருக்குக் கீழே, 'மகள் தனலட்சுமி, பென்னலூர்' என்று அச்சாகியிருந்தது. கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டதால் அண்ணன்கள் பேச்சை விட்டிருக்கிறார்கள். ஆனால் மகள் பேரைப் போட வேண்டும் என்று கன்னியப்பன் சொல்லிவிட்டுச் செத்திருக்கிறார். பேரைப் போட்டார்கள். கருமாதிக்கு வந்த தனலட்சுமியை உள்ளே விடவில்லை. வாசலிலேயே அட்டையைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பங்கு வேண்டுமா என்று நேராகவே கேட்டேன். அருள்மேரி அட்டையை என்னிடம் நீட்டினார்: "வேணாம்னு சொல்ற அளவுக்கு நான் நல்லவ இல்ல தம்பி. ஆனா மொதல்ல எங்கம்மா பேர எழுது. அட்டைய மட்டும் பத்திரமா திருப்பிக் குடுத்துடு."

சொன்ன வேலை

ஏகாம்பரம் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எனக்கு முன்பே துரைசாமி வந்து பேசிவிட்டு, வெளியே பெஞ்சில் நிலம் வாங்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "மூணு கிளையோட வேற தாள்ல எழுது" என்றார் ஏகாம்பரம். அட்டையை என்ன செய்வது என்றேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கருமாதிப் பத்திரிகைதான? படிச்சிட்டல்ல? கிழிச்சிப் போட்டுட்டுக் கைய கழுவு."

வேறு தாள் எடுத்து நாலு கிளையோடு எழுதினேன். அட்டையைப் பக்கத்தில் வைத்து, வாங்குகிறவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டையும் படித்து அட்டையை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, துரைசாமியைப் பார்த்துக் கேட்டார்: "நாலாவது கையெழுத்து எங்க சார்?"

ஏகாம்பரம் மூன்று கிளை எழுதச் சொன்னார், எழுதவில்லை. அட்டையைக் கிழிக்கச் சொன்னார், கிழிக்கவில்லை. வேலை போன அன்று சாயங்காலம் பென்னலூரில் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அருள்மேரி சாப்பிடத் தட்டு வைத்தபோது கையை மட்டும் கழுவினேன்.