காணாமல் போன மேளம்

புதிய ஸ்பீக்கர் பெட்டிகள் வீட்டுக்கு வந்த அன்று என் கணவர் சொன்ன முதல் வார்த்தை, "செட்டு புதுசு அம்மிணி, காது பழசாச்சே." அவருக்குக் கிண்டல் இல்லாமல் சோறு இறங்காது. ஆனால் அன்று அவர் சொன்னதில் உண்மை இருந்ததால் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நாள் முன்புதான் சேலத்தில் காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பாதி ஆயுளை விசைத்தறிக்கு நடுவில் கழித்தவர்களுக்கு வருவதுதான் என்றார் அவர். மெல்லிய சத்தங்கள் முதலில் போகுமாம், மற்றவை மெதுவாகப் பின்னால் போகுமாம்.

"பாட்டு கேக்குங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இப்போதைக்குக் கேட்கும்மா" என்றார். அந்த "இப்போதைக்கு" நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

எனக்கு ஒரு பாட்டு உண்டு. பழைய சினிமாப் பாட்டு. வெளியூர் போனவனுக்காகக் காத்திருக்கிற பெண் பாடுவது. குமாரபாளையத்தில் எங்கள் பட்டறையில் நானும் தறி ஓட்டிய காலத்தில், டேப் ரெக்கார்டரில் அதைப் போட்டால் சரணம் வரும்போது கண் தானாக நிறைந்துவிடும். கை தன் வேலையாக நூல் சுற்றிய தாரை நாடாவில் மாற்றிக்கொண்டிருக்கும், கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். எந்தத் துக்கமும் இருக்காது. அழுது முடித்தால் உடம்பு கழுவிவிட்டதுபோல் லேசாக இருக்கும். கோயிலுக்குப் போனால்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

பிறகு பட்டறையைக் கணவர் பொறுப்பில் விட்டுவிட்டு, சத்தமே வேண்டாம் என்று ஊருக்கு வெளியே காலனியில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். ஒரு நாள் ஆசையாக அந்தப் பாட்டைப் போனில் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஏன் என்று எனக்கு உடனே தெரிந்தது. மேளம் இல்லை. அந்தப் பாட்டுக்கு அடியில் ஒரு மேளம் உண்டு. பாடுகிறவள் மூச்சு விட நிற்கும் இடங்களிலும் அது நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவதே அதுதான். இத்தனூண்டு போனில் மேளம் எங்கிருந்து வரும் என்று போனைத் திட்டினேன். டிவியில் போட்டுப் பார்த்து டிவியையும் திட்டினேன். காது போவதற்குள் அந்தப் பாட்டை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டு அழுதுவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். நான் முடிவெடுத்தால் எடுத்ததுதான். அப்படித்தான் அந்த ஸ்பீக்கர்கள் வந்தன.

ஸ்பீக்கர் விற்ற சேலத்துக் கடைக்காரரே நேரில் வந்து பூட்டிக் கொடுத்தார். நல்ல மனிதர், பொறுமைசாலி. பாட்டைப் போட்டதும் எனக்கு முதலில் பயமாகவே இருந்தது. பாடகி மூச்சு இழுப்பது கேட்டது. வீணைக் கம்பியில் விரல் வழுக்குவது கேட்டது. முன்பின் தெரியாதவள் வீட்டு சமையலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்ட கூச்சம் வந்தது. எல்லாம் கேட்டது, மேளம் மட்டும் கேட்கவில்லை. கண்ணும் வறண்டே கிடந்தது.

"ஏனுங்க, மேளத்தக் காணமே?"

"இந்தப் பாட்டுல மேளமே கெடையாதுங்கக்கா" என்றார் அவர்.

"நீங்க செட்டு விக்கறீங்க, நான் பாட்டு கேக்கறேன். எனக்கே சொல்றீங்களா?"

அவர் சண்டை போடவில்லை. தடிமனான வயர் போட்டுப் பார்த்தார். பெட்டிகளைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்தார், மறுபடி ஒட்டி வைத்தார். கடைசியில் மேளச் சத்தத்துக்கென்றே தனியாக ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்து வைத்தார். அதைப் போட்டதும் அலமாரியில் இருந்த சில்வர் டம்ளர்கள் ஆடின. எனக்குள் ஒன்றும் ஆடவில்லை.

"நம்ம பட்டறை டேப் ரெக்கார்டர்ல இருக்குதுங்க அந்த மேளம். வாங்க, காட்டறேன்" என்று கிளம்பினேன். என் கணவர், "போய்ட்டு வாங்க தம்பி, இல்லீனா உங்களயும் இங்கயே பூட்டி வெச்சுருவா" என்று சிரித்துக்கொண்டே வழியனுப்பினார்.

டேப் ரெக்கார்டர் பழைய ஆணியிலேயே தொங்கியது. பஞ்சுத் தூசியை ஊதித் துடைத்தேன். தறி லைனில் செருகினால் உறுமும் என்பதால் அதை எப்போதும் பேட்டரியில்தான் ஓட்டுவோம். வழியிலேயே பேட்டரி வாங்கி வந்திருந்தேன். தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. பட்டறைக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை. உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேச்சு. கடைக்காரரைக் கை காட்டிப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு பொத்தானை அமுக்கினேன், சத்தத்தைக் கடைசி வரை திருகினேன்.

வந்தது. என் மேளம் வந்தது! அதே இடத்தில், அதே நடையில். டேப் ரெக்கார்டர் மூடிமேல் விரலால் தட்டித் தட்டி அவருக்குக் காட்டினேன். அவர் என் விரலைப் பார்த்தார், பக்கத்துத் தறியைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சரணம் வந்தது. கண் நிறைந்தது. இத்தனை நாள் வராத தண்ணீர் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அதோடு மேளமும் நின்றது. டேப் ரெக்கார்டர் மட்டும் மேளம் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது. கூடவே இன்னொரு குரலும், கரகரப்பாக, அடித்தொண்டையில், பாடகியை விடப் பெரிதாகப் பாடிக்கொண்டிருந்தது. அது என் குரல் என்று புரிய ஒரு வரி நேரம் பிடித்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டேன்.

மீனுக்குத் தண்ணீர் தெரியாது என்பார்கள். தறிச் சத்தம் எங்களுக்குச் சத்தமே இல்லை. பக்கத்துத் தறி தட்டும் சத்தத்தை என் காது பொறுக்கி எடுத்து, பாட்டுக்குள் மேளமாக உட்கார வைத்திருக்கிறது. அது போகட்டும். நான் பாடினேன் என்பதுதான் எனக்கே தெரியவில்லை. யார் காதிலும் விழாது என்ற தைரியத்தில் வருஷக்கணக்காகத் தொண்டை கிழியப் பாடியிருக்கிறேன். காலனி வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் முணுமுணுத்ததுகூட இல்லை. அங்கே குழம்பு தாளித்தாலே மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும்.

மூலையில் தார் சுற்றும் அம்மா, என்னோடு அங்கேயே வேலை பார்த்தவர், என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏஞ்சாமி நிறுத்திப்போட்ட? இத்தன வருசமா உன்ற வாய் அசையறதுதான் பாத்திருக்கறேன். இப்பத்தான் கேக்கறேன். பாடு சாமி."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாடவில்லை. கடைக்காரரிடம், "அந்தப் பெரிய பெட்டிய எடுத்துட்டுப் போயிருங்க. மத்ததெல்லாம் இருக்கட்டும்" என்றேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. அதற்காக அவருக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் தனியாக இருந்தேன். ஜன்னலை மூடலாமா என்று யோசித்து, எதற்கு மூட வேண்டும் என்று திறந்தே வைத்தேன். பாட்டைப் போட்டேன். மேளம் இல்லை, இருக்காது என்று தெரியும். அவள் மூச்சு இழுத்தாள். கூடவே நானும் இழுத்தேன். அவள் எங்கே மூச்சு எடுக்கிறாள் என்பது இந்தச் செட்டு இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. பாடினேன். சுருதி எங்கேயோ போனது. அதையும் நல்ல செட்டு ஒளிக்காமல் காட்டிக்கொடுத்தது. விடாமல் பாடினேன். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தியவள் கையில் துணியோடு அப்படியே நின்றாள். சரணத்தில் அழுதேன்.

கணவர் சாப்பாட்டுக்கு வந்தவர் வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டார்.

"தெருவுக்கே கேக்குது அம்மிணி."

"கேக்கட்டும்."

"நாளைக்கு உனக்கே கேக்காமப் போச்சுன்னா?" என்றார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார், ஆனால் முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. டாக்டர் சொன்னது அவருக்கும் உள்ளே முள்ளாகத்தான் இருந்திருக்கிறது.

"அப்பவும் பாடுவேனுங்க" என்றேன். "தறிச் சத்தத்துக்குள்ள எனக்குக் கேட்டா பாடுனேன்?"