தகரமும் தங்கக்கட்டியும்

தகரம் என்ற பெயரை நான் முதலில் கேட்டது கல்யாணமாகி வந்த புதிதில். என் நாத்தனார் அடுத்த தெருவில் குடியிருந்தாள். ஒருநாள் காலை அங்கிருந்து ஒரு குழந்தை அலறுவது எங்கள் கூடம்வரை கேட்டது. என் மாமனார் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "தகரம் எழுந்திருச்சாச்சு, இனி யாரும் தூங்க வேண்டாம்" என்றார். அது நாத்தனாரின் கடைக்குட்டிப் பெண். சிமெண்டுத் தரையில் தகரத்தை இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு குரல். எனக்கு மருமகள் முறை.

வளர்ந்தும் அந்தக் குரல் மாறவில்லை. பள்ளிக்கூட நாடகங்களில் அவளை மேடையேற்ற மாட்டார்கள், திரை இழுக்க வைப்பார்கள். திரை இழுக்கிறவள்தான் எல்லா ஒத்திகையையும் பார்ப்பாள். படிப்பை முடித்துக்கொண்டு நாடக அரங்கத்தில் வேலைக்குப் போனாள். பள்ளிக்கூடங்களுக்கென்றே அங்கே ஒரு பிரிவு இருந்தது. வார நாட்களில் மாலையில் மாணவர்களுக்கு நடிப்பு வகுப்பு, சனிக்கிழமையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. கொஞ்ச வருஷத்தில் இரண்டையும் இவளே நடத்தினாள்.

பிள்ளைகளிடம் அவள் சொன்னது ஒன்றுதான். "வெளியில சொல்ல முடியாததை இங்க நடிச்சுக் காட்டு. இந்தக் கதவைத் தாண்டிப் போகாது." பெரியவர்களுக்கு வேறு சட்டம். செருப்போடு சேர்த்துப் பதவியையும் வாசலில் விட வேண்டும். எந்தப் பள்ளி, என்ன பாடம் என்று அவளும் கேட்க மாட்டாள், அவர்களும் சொல்லக் கூடாது. சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட பெயரைச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். தொந்தி பெருத்த தலைமை ஆசிரியர்களெல்லாம் குஞ்சு, பொம்மி என்று உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். நல்ல சட்டம்தான். அந்தச் சட்டம்தான் அவள் காலை வாரியது.

பிள்ளைகளின் வகுப்புக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஒல்லிப் பெண், வாயே திறக்காது. ஒருநாள் அது எழுந்து தன் கணக்கு வாத்தியாரை நடித்துக் காட்டியது. கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையை அவர் நிற்க வைப்பாராம். அதன் பெஞ்சை விரல் முட்டியால் தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பாராம். வகுப்பு முழுவதும் தங்கள் பெஞ்சுகளைத் தட்டி, "யாருமில்ல சார், வீடு காலி" என்று கத்த வேண்டுமாம். தினமும் இது நடக்குமாம், பெரும்பாலும் இந்தப் பெண்ணுக்கே. அந்த வாத்தியாரின் நடை, மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்க்கும் பார்வை எல்லாவற்றையும் அந்த ஒல்லி உடம்பில் கொண்டுவந்துவிட்டதாம். நடித்து முடித்து அது சிரித்ததாம். அது சிரித்துத் தான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று தகரம் என் சமையலறையில் வந்து சொன்னாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். நல்ல நடிப்பைப் பார்த்தால் இவளுக்குக் கை சும்மா இருக்காது. அந்தச் சனிக்கிழமை ஆசிரியர்கள் நடுவில் அதே காட்சியைப் போட்டாள். நிற்கும் பிள்ளையாக நடிக்க, மூலையில் பேசாமல் இருந்த ஒரு புது ஆளைக் கூப்பிட்டாள். வீட்டுப் பெயர் என்ன என்று கேட்டதற்கு அவன் தங்கக்கட்டி என்று சொல்லியிருந்தான்.

தங்கக்கட்டி நடுவில் நின்றான். சுற்றி உட்கார்ந்தவர்கள் தரையைத் தட்டி, "யாருமில்ல சார், வீடு காலி" என்று கத்தினார்கள். அவனுக்கு முகம் சுண்டிப்போனது. பயிற்சி வேலை செய்கிறது என்று இவள் பூரித்துப் போனாள்.

"இதை எங்க பிடிச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டானாம்.

"நம்ம வகுப்புப் பொண்ணு ஒருத்தி பண்ணினது. வாத்தியாரை அப்படியே உரிச்சு வெச்சுட்டா" என்று இவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

அவன்தான் அந்த வாத்தியார்.

திங்கட்கிழமை அவன் கத்தவில்லை, அடிக்கவில்லை. நாடக வகுப்புக்குப் போவது யார் என்று கேட்டான். ஒரே கைதான் உயர்ந்தது. அதைப் பலகைக்கு முன்னால் கூப்பிட்டு, "நீ பெரிய நடிகையாமே. நான் நடந்து வர்றதை எங்களுக்கும் காட்டு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அது அசையவில்லை. மணி அடிக்கும்வரை வகுப்பைப் பெஞ்சு தட்ட வைத்தான். மறுநாளிலிருந்து அந்தப் பெண் நாடகத்துக்கும் வரவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை.

விஷயம் காதுக்கு வந்ததும் தகரம் அதன் வீட்டுக்கு ஓடினாள். அம்மாக்காரி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

"நீங்கதானா அந்த நாடக டீச்சர்?"

"அவகிட்ட ஒரு நிமிஷம் பேசணும்மா."

"ஒரு நிமிஷம் பேசித்தான் இவ்வளவும் ஆச்சு. எங்கிட்டகூடச் சொல்லாததை உங்ககிட்ட சொல்லியிருக்கா. நீங்க அதைக் கூட்டத்துல எடுத்து விட்டுட்டீங்க."

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. தகரம் கதவருகே போய் மன்னிப்புக் கேட்டாள். கதவு திறக்கவில்லை.

தகரம் தங்கக்கட்டி என்ற பெயரைச் சொன்னதுமே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. என் தங்கையின் கொழுந்தன் அவன். மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்தான் என்று அவன் அம்மா கொஞ்சிக் கொஞ்சி வைத்த பெயர். குளிப்பாட்ட ஒரு அக்கா, ஊட்டிவிட ஒரு அக்கா, பள்ளிக்கூடத்துக்குப் பை தூக்க ஒரு அக்கா. அவன் தப்பு செய்தால் தரையைத்தான் அடிப்பார்கள். நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். சோபாவில் கால் நீட்டிக் கிடந்தான்.

"வாங்கக்கா, காப்பி சாப்பிடுங்க."

"காப்பி இருக்கட்டும் தம்பி. அந்தப் பொண்ணு உனக்கு என்ன பண்ணுச்சு?"

புரிந்துகொண்டான். "உங்க மருமக என்னை ஊர் வாத்தியாருங்க முன்னாடி நிக்க வெச்சாளே, அதைக் கேட்டீங்களா?"

"நிக்க வெச்சப்ப எப்படி இருந்துச்சு?"

"அவமானமா இருந்துச்சு."

"ஒருநாள் நின்னதுக்கே உனக்கு அவமானம். அது தினமும் நின்னுதே."

"பசங்க தூங்காம இருக்கட்டும்னு ஒரு தமாஷ்க்கா அது. எல்லாரும் சிரிப்பாங்க."

"அது சிரிச்சுதா?"

என் தங்கை அடுப்படியிலிருந்து, "அக்கா, வீட்டுக்கு வந்த எடத்துல எதுக்கு" என்று இழுத்தாள். "நீ சும்மா இருடி" என்றேன். அவன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். இவனை என்ன செய்வது? சுட்டுக்கொண்டும் சூடு தெரியாத ஜென்மம். சொல்லப்போனால் தெரிந்தது, தனக்கு மட்டும் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தார் அரங்கத்துக்குப் புகார் சொன்னார்கள். எங்கள் ஆசிரியரைக் கேலிப்பொருளாக்கிவிட்டீர்கள், மன்னிப்புக் கேட்டால் பிள்ளைகளை அனுப்புவோம், இல்லாவிட்டால் இல்லை என்று. அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அரங்க மேலாளர் தகரத்தைக் கூப்பிட்டுத் தலைமை ஆசிரியர் முன்னால் உட்கார வைத்தார். பக்கத்தில் தங்கக்கட்டி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில்.

"ஒரு வார்த்தைதானே, சொல்லிடும்மா. பிள்ளைங்க வகுப்பு நடக்கணும்ல" என்றார் மேலாளர்.

"நான் மன்னிப்புக் கேக்க வேண்டிய ஆள் ஒருத்திதான். அவ கதவைத் திறக்கல. அவகிட்ட கேட்ட மன்னிப்பைத் தூக்கி இவருக்குக் கொடுக்க முடியாது" என்றாள். அந்தக் குரலுக்கு வெளியே வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம். "இவரைத் திரும்ப அந்த வகுப்புக்கு அனுப்பாதீங்க. என்னையும் பசங்ககிட்ட அனுப்ப வேண்டாம்னா சரி, அது நியாயம். இவரும் போகக் கூடாது."

இவளை மட்டும் அனுப்பினார்கள், வீட்டுக்கு.

அன்று வந்து என் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். "நீ பண்ணினது தப்புடி" என்றேன். மழுப்பவில்லை. "தெரியும் அத்தை. அவன் பண்ணினது தெரியாம பண்ணினதில்ல, நான் பண்ணினது தெரியாம. அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்." நான் சோறு போட்டேன், தட்டைத் தள்ளிவிட்டாள்.

அரங்கத்தில் சனிக்கிழமைப் பயிற்சியை இப்போது வேறு யாரோ நடத்துகிறார்கள், நாற்காலி போட்டு, ஆளுக்குப் பெயர் அட்டை கொடுத்து. தங்கக்கட்டி தவறாமல் போகிறானாம். அதே வகுப்பில் அதே கணக்கைத்தான் நடத்துகிறான். பெஞ்சு தட்டுவதை விட்டுவிட்டான் என்று தங்கை சொல்கிறாள், நான் நம்பவில்லை. அந்தப் பெண்ணை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். நாடகம் என்றால் எழுந்து போய்விடுகிறதாம்.

தகரம் இப்போது ஒரு சைக்கிள் கடையின் மாடியில் அறை எடுத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் நடிப்பு சொல்லித் தருகிறாள். ஆசிரியர் யாரையும் அங்கே சேர்ப்பதில்லை.