குழலில் நின்ற குண்டு

ராக்னி தாங்கென் பால் லாரி ஓட்டினார். விடியுமுன் கிளம்பி, பள்ளத்தாக்கின் இரண்டு கரைகளிலும் உள்ள பண்ணைகளில் பால் எடுத்துக்கொண்டு மதியம் வீடு திரும்பிவிடுவார். லாரியிலிருந்து இறங்கும்போது இடது காலை நீட்டி, கீழே தரை இருக்கிறதா என்று சந்தேகப்படுவதுபோல ஒரு கணம் அப்படியே நிற்பார். யாராவது வண்டியிலிருந்து அப்படி இறங்கினால் இப்போதும் எனக்கு அந்த இலையுதிர்காலம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

அப்போது நான் மர ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு, அவர் வீட்டுக் கீழ்த்தளத்து அறையில் வாடகைக்கு இருந்தேன். என் தலைக்கு மேலே அவர்களுடைய சமையலறை. நாற்காலி நகர்வது, காபி கொதிப்பது, ராக்னியின் கணவர் ஐலர்ட் மேசை விளிம்பில் விரல்களால் வாசிப்பது எல்லாம் கீழே கேட்கும். ஐலர்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார். அதனால் எங்கள் வேட்டை அணியில் அவர் இல்லை. ராக்னி இருந்தார், பத்தொன்பது வயதிலிருந்தே.

அணியில் ஒவ்வொருவருக்கும் காத்திருக்க ஓர் இடம் உண்டு. நாய்க்காரர் காட்டுக்குள் நடந்து எல்க் மான்களைக் கிளப்புவார். மற்றவர்கள் அவரவர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ராக்னியின் இடம் பெரிய சதுப்பின் மேற்கு முனையில், காய்ந்து நின்ற ஒரு பைன் மரத்தடி. அங்கே போகும் காட்டுப்பாதையின் குறுக்கே பூட்டுப் போட்ட இரும்புத் தடுப்பு ஒன்று. இடம் யாருடையதோ அவரிடம்தான் சாவி இருக்கும். ராக்னி அதை லாரிச் சாவியோடு ஒரே வளையத்தில் போட்டிருந்தார். வேட்டை இல்லாத ஜூன் மாதத்திலும், சதுப்பு முழுக்கப் பஞ்சுப்புல் வெளுத்துக் கிடக்கும்போது, ஐலர்ட்டை அழைத்துக்கொண்டு போய் அந்த மரத்தடியில் வாஃபிள் சாப்பிட்டுவிட்டு வருவார். ஐலர்ட் அவரைக் கல்யாணத்துக்குக் கேட்டது அங்கேதான் என்று ஊரில் சொல்வார்கள். கேட்டது ராக்னிதான் என்று ஐலர்ட் சொல்வார்.

நான் குடிவந்த ஆண்டில் அந்தச் சாவி போய்விட்டது.

ராக்னியின் துப்பாக்கி, ராணுவம் கழித்துக்கட்டிய பழசு. நீளமான, கனமான, மொட்டை மூக்குக் குண்டுக்காகவே செய்தது. குண்டைச் சுழலவைக்கும் முறுக்கு வரிகள் அதன் குழலுக்குள் சற்றுத் தள்ளித்தான் தொடங்கும். நீளக் குண்டு கிளம்பிய உடனே வரிகளைப் பிடித்துக்கொண்டு நேராகப் போய்விடும். குட்டைக் குண்டு அந்த இடைவெளியைத் தாவ வேண்டும். தாவும்போது கொஞ்சம் சாய்ந்துகொள்ளும். அந்த ஆண்டு கடைக்குக் கனத்த தோட்டாக்கள் வரவில்லை. கைவசம் இருந்தவற்றைக் கோடைகாலச் சுடும் தேர்வில் தீர்த்துவிட்டிருந்த ராக்னி, லேசான, குட்டைக் குண்டுத் தோட்டா வாங்கிக்கொண்டு வேட்டைக்கு வந்தார். அவர் சுட்ட கொம்பன், பெரிய ஆண் எல்க், பின்னங்கால் முறிந்து காட்டுக்குள் ஓடியது. நாய் அதை மறுநாள்தான் கண்டுபிடித்தது. அப்போதும் உயிரோடு இருந்தது.

அணித்தலைவர் யூஸ்டைன் அதிகம் பேசமாட்டார். ராக்னியின் சமையலறைக்கு வந்தார், தந்த காபியைக் குடித்தார், பிறகு கையை நீட்டினார். வளையத்திலிருந்து சாவியைக் கழற்றும்போது ராக்னியின் நகம் உடைந்தது.

"அடுத்த வருஷமும் நீ அங்கயே உக்காரு. சாவி எங்கிட்ட இருக்கட்டும். எப்படிப் போகுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

பிசகினால் இடம் யாருக்குப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். யூஸ்டைனின் மருமகன் ஹால்கிரிம், துருப்பிடிக்காத குழல் போட்ட புதுத் துப்பாக்கியோடு, ராக்னிக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். சதுப்பு முனை மேல் அவனுக்கு ஒரு கண் என்பதை அவன் மறைத்ததும் இல்லை.

வேறு துப்பாக்கி வாங்கிக்கொள் என்று ஐலர்ட் உட்படப் பலர் சொன்னார்கள். ராக்னி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பனி உருகும் வாரத்தில் தோட்டாவைத் தானே செய்துகொள்ள ஒரு கை பிரஸ் வாங்கிவந்து சமையலறை மேசையில் திருகிப் பொருத்தினார். பத்து கிராமுக்கு மேல் எடையுள்ள குண்டுகள் தனியாக ஒரு பெட்டியில் வந்தன. சுட்டுத் தீர்ந்த பழைய பித்தளைக் கூடுகளை அவர் தூக்கி எறிந்ததே இல்லை. ஜாம் பாட்டில்களில் நிறையக் கிடந்தன.

அந்த வசந்தத்தின் ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. வெளியே கூரையிலிருந்து உருகிய நீர் சொட்டும். மேலே பிரஸ்ஸின் கைப்பிடி இறங்கும், குண்டு கூட்டின் கழுத்துக்குள் போகும்போது சின்னதாக ஒரு முனகல். பிறகு அடுத்தது. சில மாலைகளில் என்னையும் காபிக்குக் கூப்பிடுவார்கள். ராக்னி கறுப்பு வெடிமருந்துத் துகள்களைத் தராசில் பார்த்துப் பார்த்துக் கொட்டுவார், பால் கணக்கில் இத்தனை கறாராக இருந்ததில்லை என்று அவரே சிரிப்பார். எதிரே ஐலர்ட் குறுக்கெழுத்துப் போட்டபடி உட்கார்ந்திருப்பார். அவருடைய பேனா நின்றால் காது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஒரு மாலை அது நின்றது.

"இப்ப போனது சத்தமே போடலையே," என்றார் ஐலர்ட்.

"எது?"

"இந்தக் குண்டு. மத்ததெல்லாம் முனகிட்டுப் போச்சு. இது வெண்ணெயில கத்தி போன மாதிரி போச்சு."

"நல்லதுதானே. உனக்கு என்ன, அதுக்கும் சுருதி சேக்கணுமா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. காதுல விழுந்துச்சு, சொன்னேன்."

"நீ ஞாயித்துக்கிழமை உன் ஆர்கனப் பாரு. அதுல ஒரு குழாய் பூனை மாதிரி கத்துது, ஊரே பேசுது."

ஐலர்ட் மறுபடி குறுக்கெழுத்துக்குள் போய்விட்டார். ராக்னி அந்தத் தோட்டாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு வரிசையில் நிறுத்தினார். பழைய கூடு. பலமுறை சுட்டுச் சுட்டுக் கழுத்து தளர்ந்துபோனது.

அவருக்கு அப்போதிருந்த ஒரே யோசனை, குண்டு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது. மே மாதம் முழுக்க மணல்குவாரியில் சுட்டுப் பார்த்தார். குண்டை வெளியே தள்ளி வைக்க வைக்க இலக்குக் காகிதத்தில் ஓட்டைகள் நெருங்கிவந்தன. கடைசியில், தோட்டாவைப் போட்டு மூடியதும் குண்டின் மூக்கு வரிகளில் அழுந்திப் பதியும் அளவுக்குத் தள்ளி வைத்தார். துப்பாக்கி தன் பழைய குறிக்குத் திரும்பியது. ஆகஸ்ட் தேர்வில், காகித எல்க்கின் மார்பில் அவருடைய ஐந்து குண்டுகளும் விழுந்த இடத்தை ஃபிளாஸ்க் மூடியால் மூடிவிடலாம். யூஸ்டைன் காகிதத்துக்கு அருகில் போய்க் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ஹால்கிரிம், சமையலறைத் தோட்டா காகிதத்துக்குச் சரி, மாமிசத்துக்கு எப்படியோ என்றான்.

ஒரு விஷயத்தை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. குவாரியிலும் தேர்விலும் ராக்னி துப்பாக்கிக்குள் போட்ட தோட்டாவையெல்லாம் சுட்டுவிட்டார். சுடாத தோட்டாவை வெளியே எடுக்கும் அவசியமே வரவில்லை.

வேட்டையின் முதல் நாள் காலை யூஸ்டைன் தடுப்பைத் திறந்துவிட்டார். ராக்னியின் கார் போனதும் மறுபடி பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் அன்று சதுப்பின் எதிர்க்கரை மேட்டில். தூரத்தில் பைன் மரமும் அதன் கீழே ராக்னியின் சிவப்புத் தொப்பியும் தெரிந்தன. புல் முழுக்கத் துருநிறம். முதல் சுற்றில் நாய் எதையும் கிளப்பவில்லை. எல்லாரும் துப்பாக்கியைக் காலி செய்துவிட்டுத் தீ மூட்டும் இடத்துக்கு வாருங்கள் என்று ரேடியோவில் யூஸ்டைனின் குரல் வந்தது. காலி செய்யாத துப்பாக்கியோடு யாரும் அவருடைய தீக்குப் பக்கத்தில் வர முடியாது.

ராக்னி எழுந்து துப்பாக்கியைத் திறப்பதைப் பார்த்தேன். பிறகு அவர் அசையவில்லை. லாரிப் படியில் நிற்பதுபோல நின்றார்.

அப்போதுதான் கொம்பன் வந்தது. இளம் பிர்ச் மரங்களுக்கு நடுவிலிருந்து, யாரோ கூப்பிட்டது போல நிதானமாக, சதுப்பின் விளிம்புக்கு வந்து பக்கவாட்டில் நின்றது. ராக்னிக்கும் அதற்கும் நடுவில் தட்டையான புல்லைத் தவிர ஒன்றுமில்லை. வசந்தத்திலிருந்து அவர் மேசையில் உட்கார்ந்து தயார் செய்ததெல்லாம் இந்த ஒரு நிற்றலுக்காக. அவர் துப்பாக்கியைத் தூக்கவில்லை. என்ன ஆயிற்று இவருக்கு என்று நினைத்தேன்.

ரேடியோ மெல்லக் கரகரத்தது. அணியில் உள்ள அத்தனை பேரின் மார்பிலும் அந்தக் குரல் ஒரே நேரத்தில் பேசியது.

"ஹால்கிரிம், ராக்னி பேசுறேன். கொம்பன் ஒண்ணு, உன் பக்கம்தான் திரும்புது. துப்பாக்கிய மறுபடி நிரப்பு. அவசரப்படாத, நடந்துதான் வருது."

"உனக்கு முன்னாடியா இருக்கு? நீ சுட வேண்டியதுதானே?"

"என்னால ஆகாது. கூடு மட்டும் வெளிய வந்துச்சு, குண்டு குழல்லயே நின்னுடுச்சு. மருந்தெல்லாம் உள்ள கொட்டிக் கிடக்கு."

பிறகு யூஸ்டைன், "ஹால்கிரிம், நிரப்பு," என்றார்.

வரிகளில் அழுந்திய குண்டைக் கூட்டின் தளர்ந்த கழுத்தால் பிடித்து இழுக்க முடியவில்லை. இன்னொரு தோட்டாவைப் பின்னால் திணித்துச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். அது ராக்னிக்குத் தெரியும். ஆனால் சும்மா இருந்திருக்கலாம். கொம்பன் தன் பாட்டில் போயிருக்கும், சாப்பாட்டு நேரத்தில் எதுவும் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். எதிர்மேட்டில் நான் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் என் வாயிலிருந்து ஒரு சொல் வராது என்பதும் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் ஹால்கிரிமின் துப்பாக்கிச் சத்தம் ஒன்றே ஒன்று கேட்டது. சுத்தமான சூடு, கொம்பன் நின்ற இடத்திலேயே மடிந்தது.

தீயைச் சுற்றி நாங்கள் தொத்திறைச்சியைக் குச்சியில் குத்திச் சுட்டுக்கொண்டிருந்தபோது ராக்னி வந்தார். பின்பக்கம் திறந்திருந்த துப்பாக்கியைத் தனியாக ஒரு கட்டையில் சாய்த்து வைத்தார். அதன் உள்ளிருந்து கறுப்புத் துகள்கள் பாசி மேல் உதிர்ந்தன. ஹால்கிரிம் நல்ல மனநிலையில் இருந்தான்.

"ராக்னி, அடுத்த வருஷம் குண்டே வேணாம். மருந்த மட்டும் மிளகுத்தூள் மாதிரி தூவி விடு, தும்மியே செத்துடும்."

எல்லாரும் சிரித்தார்கள். ராக்னியும் சிரித்தார், ஆனால் கையிலிருந்த தொத்திறைச்சி கருகும்வரை அதைத் திருப்பவில்லை. யூஸ்டைன் சிரித்தாரா என்று பார்த்தேன். அவர் தீக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை மேலேயிருந்து சுத்தியல் ஓசை வந்தது. குழலுக்குள் கம்பி விட்டு ராக்னி குண்டைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு பிரஸ்ஸின் ஓசை. எல்லாத் தோட்டாக்களையும் மறுபடி பிரஸ்ஸில் வைத்து, குண்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார். கழுத்து தளர்ந்தவற்றை ஒதுக்கினார். ஒவ்வொரு முனகலுக்கும் ஐலர்ட்டின் குரல், ம், ம், என்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் முன்னாடியே சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாடு கீழே இருந்த எனக்கே தெரிந்தது.

வேட்டை முடிந்து மாமிசம் பங்கு வைத்தது யூஸ்டைனின் கொட்டகையில். எங்கள் வழக்கம்: மாமிசத்தைச் சமமான குவியல்களாகப் பலகையில் பரப்பிவிட்டு, ஒருவர் குவியல்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலைக் காட்டி, இது யாருக்கு என்று கேட்பார். முதுகைக் காட்டி நிற்பவர் வாய்க்கு வந்த பெயரைச் சொல்வார். அன்று முதுகைக் காட்டி நின்றது யூஸ்டைன். கேட்டது ஹால்கிரிம். ராக்னி கதவோரம், கிளம்பத் தயாராக, கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஹால்கிரிம் ஒரு குவியலைத் தொட்டான்.

"இது யாருக்கு?"

"ராக்னிக்கு," என்றார் யூஸ்டைன். திரும்பாமலே சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினார். "இதையும் அதுமேல வை."

ஹால்கிரிம் அதை வாங்கினான். தடுப்புச் சாவி. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"மாமா, அவ சுடவே இல்லயே."

"அதான். சுட முடியாதப்ப முடியலன்னு சொல்ற ஆளு அந்த முனையில வேணும். அடுத்தது யாருக்குன்னு கேளு."

ஹால்கிரிம் சாவியை மாமிசத்தின் மேல் வைத்தான், குத்துவதுபோல அல்ல, பார்த்துத்தான் வைத்தான். அடுத்த குவியலைத் தொட்டான்.

வீட்டுக்கு வரும் வழியில் ராக்னி சாவியில் ஒட்டியிருந்த ரத்தத்தைக் கால்சட்டையில் துடைத்து, சிவப்பு விளக்கே இல்லாத அந்தச் சாலையில் ஓரமாகக் காரை நிறுத்தி, அதை வளையத்தில் மாட்டினார். இந்த முறை நகம் உடையவில்லை. வீட்டில் ஐலர்ட் மாமிசப் பையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வளையத்தை மட்டும் பார்த்தார்.

"கூடவே காட்டுக்குக் கொண்டுபோக ஒரு கம்பியும் குடுத்தானா?"

"நாளைக்கு வாங்குறேன்."

வாங்கினார். நான் கடற்கரை நகரத்துக்கு வேலை மாறிப் போகும்வரை, ஒவ்வொரு வேட்டையிலும் அவருடைய முதுகுப்பையிலிருந்து அந்தச் சுத்தம் செய்யும் கம்பி ஆண்டெனா போல நீட்டிக்கொண்டிருந்தது. தட்டி எடுத்த குண்டை ஐலர்ட் சமையலறை ஜன்னலில் நிறுத்தி வைத்திருந்தார். மொட்டை மூக்கைச் சுற்றி, வரிகள் பிடித்த மெல்லிய கோடுகள். குறுக்கெழுத்தில் சொல் கிடைக்காதபோது அதை விரலால் உருட்டிக்கொண்டிருப்பார். மேலே பிரஸ்ஸின் முனகல் கேட்கும். எல்லாம் ஒரே சுருதியில்.