ஏவலோடு நின்ற பாடம்

இத்தாலி நம்முடைய ஊர் என்றுதான் எங்கள் வீட்டில் அப்போது நம்பினார்கள். போப்பாண்டவர் இருக்கிற நாட்டில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணை அந்நியமாக நடத்துவார்களா என்பது என் தந்தையின் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அவர் யாரையும் விட்டதில்லை. படாளத்தில் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்களின் மகன் அவர். அவருடைய இளைய மகள், என் தங்கை, செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியாக இருந்தாள். இத்தாலியில் ஒரு மருத்துவமனைக்கு அவளை அனுப்புவதாகப் பயிற்சி நிலையம் ஒன்று சொன்னதும், நேர்காணல்கூட நடக்காத நிலையில், தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். வெள்ளைச் சீருடையில் தங்கை, அவளுக்குப் பின்னால் ரோமாபுரியின் பேராலயம், கீழே தேவாலயப் பங்கு மக்கள் சார்பில் வாழ்த்து. காதுகுத்துக்கும் கருமாதிக்கும் ஃபிளெக்ஸ் வைக்கிற ஊர் எங்களுடையது. ஆகவே யாருக்கும் இது அவசரமாகத் தோன்றவில்லை.

"இன்னா நைனா, இன்னும் இன்டர்வியூவே வரல, அதுக்குள்ள தொங்கவுட்டுட்ட?" என்று தங்கை சிரித்தாள்.

"ஆண்டவர் வூட்டுக்குப் போறதுக்கு இன்னாத்துக்கும்மா இன்டர்வியூ? நீ போ. பாஷை தானா வரும்" என்றார்.

நிலையம் கேளம்பாக்கத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. அதை நடத்தியவரை எல்லாரும் சார் என்றே அழைத்தார்கள். நான் மாமல்லபுரத்தில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். முதல் நாள் தங்கைக்குத் துணையாகப் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து அவர் பாடம் நடத்துவதைக் கேட்டேன். அன்று மூண்ட கோபம் இன்றுவரை ஆறவில்லை.

அவர் கற்பித்தது ஏவல் வினைகளை மட்டும். தமிழ் எழுத்தில் அச்சடித்த ஒரு தாள் எல்லாப் பெண்களிடமும் இருந்தது. லாவா, கழுவு. போர்த்தா, கொண்டு வா. ஆஸ்பெத்தா, காத்திரு. அவர் ஒவ்வொன்றாக உரக்கச் சொல்ல, படித்துப் பட்டம் வாங்கிய செவிலிகள் ஒரு வரிசையாக நின்று, "சி, சிஞ்ஞோரா" என்று கூட்டாகச் சொன்னார்கள். சரிங்க அம்மா என்று அதற்குப் பொருள்.

தங்கை கையைத் தூக்கினாள். "சார், கழுவிட்டேன்னு சொல்றது எப்படி?"

"அத்த நீ எதுக்கும்மா சொல்லணும்? கழுவினா அவங்களுக்கே தெரியாதா?"

வரிசை சிரித்தது. அவரும் சிரித்தார். "இங்க பாரு, டென்ஸு, கிராமரு எல்லாம் காலேஜ் வாத்தியாருங்களுக்கு. உனக்கு அவங்க சொல்றது புரிஞ்சா போதும். சும்மா பேஜார் பண்ணாத."

எப்போதிலிருந்து வலி என்று ஒரு செவிலி நோயாளியைக் கேட்க வேண்டும். இரவு தூங்கினாரா, காலையில் என்ன சாப்பிட்டார் என்று அறிய வேண்டும். நாளைக்கு ஊசி போடுவேன் என்று சொல்லித் தைரியம் கொடுக்க வேண்டும். இறந்தகாலமும் எதிர்காலமும் இல்லாமல் ஒரு காய்ச்சலைக்கூட விசாரிக்க முடியாது. சாருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தேதான் ஒரு மொழியின் வாசற்படியில் அந்தப் பெண்களை நிறுத்தி வைத்தார். என் தந்தையைப் பெற்றவர் நிலத்துக்காரர் வீட்டுப் பின்கட்டில் வாழ்நாளெல்லாம் கேட்ட வினைகளும் இவைதாம்: வா, போ, தூக்கு, நில். அவர் திருப்பிச் சொல்ல அனுமதிக்கப்பட்டதும் ஒரே சொல்தான்: சரிங்க. இரண்டு தலைமுறை படித்து ஏறி வந்த பிறகு, கட்டணம் வாங்கிக்கொண்டு அதே பாடத்தை வேறொரு மொழியில் சொல்லிக்கொடுக்கிறார்களே என்று பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமல்லபுரத்தில் நான் குடியிருக்கும் தெருவில், வெளிநாட்டவர் படித்துவிட்டு விட்டுச் செல்லும் புத்தகங்களை விற்கும் கடை ஒன்று உண்டு. அங்கே ஆங்கில வழியில் இத்தாலிய இலக்கணம் சொல்லும் பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. எங்கள் இருவருக்கும் அந்த மொழி சமமாகவே தெரியாது. விடுப்பு நாட்களில் தங்கை திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வந்து சேர்வாள். அவள் நெத்திலி ஆய்வாள், நான் புத்தகத்தைப் பார்த்துக் கேட்பேன். பிறகு நான் குழம்பு கூட்டுவேன், அவள் கேட்பாள்.

ஒழுங்காக மாறும் வினைகள் அந்த மொழியில் ஆரே, எரே, இரே என்று முடியும் மூன்று குடும்பங்கள். செய்து, செய்ய, செய்தால் என்று நாங்கள் பள்ளியில் வாய்பாடு சொல்வதுபோல, குடும்பத்துக்கு ஒரு வினையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை அதன் பின்னால் வந்துவிடும். பார்லோ, பேசுகிறேன். பார்லாவோ, பேசிக்கொண்டிருந்தேன். பார்லெரோ, பேசுவேன். பார்லெரேய், முடியுமானால் பேசுவேன்.

கடைசி வடிவம் தங்கைக்குப் பிடித்துப்போனது. "பாரேன்க்கா, செய்யலாம், பாக்கலாம்னு இழுக்கிறவங்களுக்குன்னே தனியா வச்சிருக்காங்க. எல்லாம் முடிஞ்சதாவே பேசுற நம்ம நைனாவுக்குக் கட்டாயம் சொல்லிக் குடுக்கணும்."

எனக்குப் பிடித்தது வேறொன்று. விருப்பம், ஐயம், அச்சம் ஆகியவற்றைச் சொல்ல அவர்கள் தனியாக ஒரு வினை வரிசை வைத்திருக்கிறார்கள். க்ரெதோ, நம்புகிறேன் என்று தொடங்கினால், அடுத்து வரும் வினை பெரும்பாலும் அந்த வரிசையிலிருந்துதான் வரும். நம்பிக்கை வேறு, நடப்பு வேறு என்பதை ஒரு மொழி வாய்பாட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது என்று வியந்தேன். எங்கள் வீட்டின் நினைப்பும் வந்தது.

மாலையில் கடற்கரையில் நடந்துகொண்டே சொல்லிப் பார்ப்போம். சங்கு மாலை விற்கும் பெண் ஒருத்தி வெளிநாட்டவர் பின்னால், "ஆஸ்பெத்தா, ஆஸ்பெத்தா!" என்று ஓடிவிட்டு மூச்சு வாங்க எங்களிடம் வந்து நின்றாள்.

"இன்னா டீச்சர், ரெண்டு பேரும் இத்தாலி பேசிகினு வர்றீங்க? நம்ம யாவாரத்துக்குப் போட்டியா?"

"நீ காத்திருன்னு மட்டும்தானே சொல்ற? காத்துக்கிட்டிருந்தேன்னும் எனக்குச் சொல்லத் தெரியும். ஆஸ்பெத்தாவோ" என்றாள் தங்கை.

"அத்தச் சொன்னா எவன் மாலை வாங்குவான்? போம்மா."

தங்கை அன்று மணலில் உட்கார்ந்து சிரித்ததை இப்போதும் பார்க்கிறேன்.

நேர்காணல் நிலையத்திலேயே நடந்தது. திரையில் ஓர் இத்தாலியப் பெண்மணி. சார் பக்கத்தில் அமர்ந்து, அவர் பேசியதைத் தமிழில் சொன்னார். வரிசையில் முதலில் என் தங்கை, அடுத்து அச்சரப்பாக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், பிறகு மற்றவர்கள். வழக்கம்போல நான் கடைசிப் பெஞ்சில்.

அந்தப் பெண்மணி நிதானமாக, நீளமாகப் பேசினார். "ஹாஸ்பிடல்ல நைட் டூட்டி. தங்க இடம் உண்டு. சி சொல்லு" என்றார் சார்.

தங்கை சொல்லவில்லை. தூங்குவாள், துடைப்பாள் என்று எதிர்கால வினைகள் என் காதிலும் விழுந்திருந்தன. என் தாயின் அறையில் தூங்குவாள் என்று அந்தப் பெண்மணி சொல்லியிருந்தார். எந்த மருத்துவமனையில் தாயின் அறை இருக்கும்?

"தோவே லாவொரெரோ?" என்று தங்கை நேராகத் திரையைப் பார்த்துக் கேட்டாள். நான் எங்கே வேலை செய்வேன்? "இன் ஓஸ்பெதாலே?"

அந்தப் பெண்மணி வியந்துபோனார். "இன் காசா" என்றார். காசா என்றால் வீடு. சாரின் தாளில் முதல் வரியிலேயே இருந்த சொல். அந்த அறையில் அது தெரியாதவர் ஒருவரும் இல்லை.

சார் மடிக்கணினியை மூடினார். "நெட்டு போச்சு."

அந்தப் பெண்மணி மீது எனக்கு வருத்தமில்லை. தாயைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார், கேட்டதும் உள்ளதைச் சொன்னார். பொய் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அதைச் சொன்னவரோ தலைகுனியாமல் எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"உன்ன யாரு கேள்வி கேக்கச் சொன்னது?"

"நர்சு வேலைன்னு சொன்னீங்களே சார்."

"கெழவியப் பாத்துக்கிறதும் நர்சு வேலதான். ஒரு வருஷம் பல்லக் கடிச்சிகினு இருந்தா அப்புறம் மாறிக்கலாம். உங்கக்கா இலக்கணம் சொல்லிக் குடுத்து உன்னக் கெடுத்துட்டாங்க."

தங்கை பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். வரிசையிலிருந்து வேறு யாரும் எழவில்லை. எழுந்து எங்கே போவார்கள்? அவர்கள் வீட்டிலும் நம்பிக் காத்திருந்தார்கள்.

சார் சொன்னதையே அன்று மாலை என் தந்தையும் சொன்னார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ரொம்பப் படிச்சா இப்படித்தான். ஒரு வயசான அம்மாவுக்குப் பணிவிடை செஞ்சா கொறஞ்சா பூடுவ? ஏசுவே சீஷருங்க காலக் கழுவினாரு."

"அவரு தன் இஷ்டத்துக்குக் கழுவினாரு நைனா" என்றாள் தங்கை. "கழுவுன்னு அவர யாரும் ஏவல."

"வாய் மட்டும் நல்லா கீது. ஃபிளெக்ஸு தொங்கிகினு கீதே, தெருவுல நான் எப்படி நடப்பேன்?"

நான் பொறுமைசாலி என்று பெயரெடுத்தவள். அன்று என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நைனா, தாத்தா பின்கட்டுல நின்ன கதைய சொல்லிச் சொல்லித்தான நீ எங்களப் படிக்க வச்ச? அதே பின்கட்டு இத்தாலியில இருந்தா மட்டும் சரியா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வெகு காலம் என் வீட்டில் அவர் கை நனைக்கவில்லை. மறுநாள் தங்கையே நாற்காலி போட்டு ஏறித் தன் படத்தை அவிழ்த்து இறக்கினாள். உதவிக்கு வந்த பக்கத்து வீட்டார், விசா வரவில்லையா என்று கேட்டார்கள். வேலை சரியில்லை என்றாள். அவர்கள் முகத்தில் தெரிந்த ஐயத்துக்கு எந்த வாய்பாடும் தேவைப்படவில்லை.

அந்த வீட்டுக்கு அச்சரப்பாக்கத்துப் பெண் போனாள். இப்போது ஞாயிறு மாலைகளில் அவள் தங்கையைத் தொலைபேசியில் அழைக்கிறாள். முதலில் அவள் கேட்டது, நேற்று இரவு நான் தூங்கவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று. நோன் ஓ தோர்மீத்தோ என்று தங்கை சொல்ல, மறுமுனையில் அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். அடுத்த வாரம், எனக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். அதற்கடுத்த வாரம், நான் கிளம்புவேன். பார்த்திரோ, பார்த்திரோ என்று அந்தக் குரல் பழகியதைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தேன். கையிலிருந்த கரண்டியை வீசி எறியலாம்போல இருந்தது. அவளிடமும் கட்டணம் வாங்கியிருந்தார்கள். விமானம் ஏறுமுன் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பாடம் இது.

பேக்கரி மாடியில் நிலையம் இன்னும் நடக்கிறது. கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது அந்தக் கூட்டுக்குரல் தெருவரை கேட்கிறது. 

தந்தை இப்போது என் வீட்டில் சாப்பிடுகிறார். அந்த ஃபிளெக்ஸ் மழைக்கு அவருடைய வண்டியை மூடுகிறது; படம் உட்புறமாக இருக்கும்படி கவனமாகப் போர்த்துகிறார். தங்கை அதே மருத்துவமனையில் இருக்கிறாள், விடுப்பு நாளில் பழையபடி புத்தகத்தோடு வருகிறாள். அன்று அந்த வரிசையில் இருந்தவர்களில் விமானம் ஏறாமல் இங்கே இருப்பவள் அவள் ஒருத்திதான்.