சாம்பிள் ரூம் கதவு

“…காத்து அடிச்சா எடை தப்பும், அதனால கதவைச் சாத்திக்கினுதான் நிறுக்கணும்னு உனக்கு யாரும்மா சொன்னது?”

பில் போடும் அக்கா இப்படிக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. சாப்பாட்டு நேரத்தில் நானும் புதிதாகச் சேர்ந்த பெண்ணும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா எப்போது எங்கள் பின்னால் வந்து நின்றார், எவ்வளவு கேட்டார், தெரியாது. இந்தக் கேள்வியைத் தனக்காகக் கேட்கிறாரா, சூப்பர்வைசருக்காகக் கேட்கிறாரா, அதுவும் தெரியாது.

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை வாங்கி உடைத்துப் பருப்பாக அனுப்பும் மில் ஒன்றில் எனக்கு வேலை. மூட்டை வந்து இறங்கியதும் ஒரு கை காய் எடுத்து, சாம்பிள் ரூமில் உரித்து, பருப்பு எவ்வளவு தேறுகிறது என்று சின்னத் தராசில் நிறுப்பார்கள். லேசான காற்றுக்கே தட்டு ஆடிவிடும். அதனால் ஃபேனை நிறுத்திக் கதவைச் சாத்துவது வழக்கம். கொஞ்சம் திறந்திருந்தால் காய் கொண்டுவந்த விவசாயிகளே, “கதவைச் சாத்துங்க சார், எம் பருப்பு பறந்துடப்போவுது” என்று சத்தம் போடுவார்கள். சாத்திய கதவென்றால் எங்களுக்கெல்லாம் நேர்மையான எடை. அதற்கு வேறு அர்த்தம் உண்டென்று யாரும் நினைத்ததில்லை.

சூப்பர்வைசரோடு இருந்து சாம்பிள் நிறுக்கத்தான் அந்தப் பெண்ணை எடுத்தார்கள். கெடார் பக்கத்துப் பெண், டிகிரி முடித்த கையோடு வந்தவள். விழுப்புரம் வரை பஸ்ஸில் வந்து என்னோடு ரயில் ஏறுவாள். முதல் நாளே வாய் ஓயாமல் பேசினாள். “ஏதாச்சும் பேச்சு வந்துச்சுன்னா அன்னைக்கே நின்னுடணும்னு எங்கப்பா சொல்லித்தாங்க்கா அனுப்பிச்சாரு” என்று சிரித்தாள். அப்பா கூலி வேலைக்குப் போகிறவர். வீட்டில் கல்யாணப் பேச்சு வேறு காத்துக்கொண்டிருந்தது. இந்த வேலை போனால் அடுத்த வேலைக்கு அவளை விடப்போவதில்லை.

கொஞ்ச நாளில் அந்த வாய் ஓய்ந்தது. ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வலது உள்ளங்கையைத் துப்பட்டாவில் தேய்த்துக்கொண்டே வருவாள். பருப்பு எண்ணெய் போல என்று நினைத்தேன். ஒருநாள் அவளே கேட்டாள்.

“ஏங்க்கா, ஈரம் இருக்கான்னு கையில வச்சுத் தேச்சுத்தான் பாப்பாங்களா?”

“யாரு கையில?”

“எங் கையிலதான். சார் எங் கையில பருப்ப வச்சு வெரலால தேச்சுக்கினே இருப்பாரு. உன் கை சூட்டுக்கு ஈரம் உடனே தெரியுதுன்றாரு.” உடனே அவசரமாக, “வேற ஒண்ணும் பண்ணலக்கா” என்றாள்.

காய்ந்ததா என்று பார்க்க, காயைக் காதருகே ஆட்டுவோம். உள்ளே சலசலத்தால் காய்ந்தது. சந்தேகமென்றால் ஒரு பருப்பைக் கடித்துப் பார்ப்போம். ஒரு பெண்ணின் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தவரை நான் கண்டதில்லை. “வேற ஒண்ணும் பண்ணல” என்று அவள் சொன்னது மட்டும் அன்று முழுக்க என் காதிலேயே நின்றது.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் எனக்கு உறுத்தியது. சாம்பிள் வரும் நேரமாகப் பார்த்து, “ஜல்தி டீ குடிச்சிட்டு வாங்கப்பா” என்று மூட்டைக்காரர்களை சூப்பர்வைசர் அனுப்பிவைப்பது உறுத்தியது. தரை கூட்டும் அம்மா ஒருமுறை, “அவன் தன்மையா பேசுறப்பதாம்மா உஷாரா இருக்கணும்” என்றது ஞாபகம் வந்தது. பொங்கலுக்குப் பிறகு புதுத் தராசு வந்திருந்தது. சுற்றிலும் கண்ணாடிப் பெட்டி. அதன் சின்னக் கதவை மூடிவிட்டால் வெளியே புயலே அடித்தாலும் தட்டு இம்மியும் அசையாது. தராசு மாறிவிட்டது, ரூம் கதவை மட்டும் இன்னும் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

யாரிடம் சொல்வது? ஆபீஸில் காலண்டருக்குப் பின்னால் பாதி மறைந்து ஒரு நோட்டீஸ் தொங்கியது. பெண்கள் புகார் கொடுக்கக் குழு, அதற்குத் தலைவி பில் போடும் அக்கா. முதலாளிக்குச் சொந்தம். திங்கட்கிழமையானால் சூப்பர்வைசருக்கு மீன்குழம்பு கொண்டுவருவார். அந்த ஆளின் ஜோக்குக்கு முதலில் சிரிப்பதும் அவர்தான். “அந்தம்மாகிட்ட சொல்றதுக்கு நேரா அவன்கிட்டயே சொல்லிடலாம்” என்றார் கூட்டும் அம்மா.

அந்த அக்காதான் இப்போது பதிலுக்குக் காத்து நின்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, சும்மா பேசிக்கினு இருந்தோம்” என்றேன்.

“நீ இரு. உன்னையா கேட்டேன்?”

“சார்தாங்க்கா சொன்னாரு” என்றாள் அவள், டிபன் பாக்ஸைப் பார்த்தபடி.

“கண்ணாடிப் பெட்டி வந்தப்புறமுமா?”

தலையாட்டினாள்.

அப்படியானால் அக்கா கண்ணிலும் அது பட்டிருக்கிறது. எப்போதிலிருந்து? பட்ட பிறகும் மீன்குழம்பு கொடுத்தாரா? எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

அக்கா குரலைத் தணித்தார். “கேளு. வேலைய விட்டுப் போறேன்னு மட்டும் சொல்லாத. நீ போனா அவன் இங்கதான் இருப்பான், இன்னொருத்தி வருவா. நடந்தத எழுதிக் குடு. எழுத வரலன்னா சொல்லு, நான் எழுதுறேன். வீட்ல சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். எங்கிட்டருந்து போவாது.”

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் சூப்பர்வைசரின் குரல். “என்னம்மா, மாநாடா? சாம்பிள் வந்துருக்கு. வாம்மா, காய் உரிக்கலாம்.” நல்ல தன்மையான குரல்.

அந்தப் பெண் எழுந்து கை கழுவினாள். கழுவிய கையையே மறுபடி கழுவினாள்.

அக்கா தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார். சாம்பிள் ரூம் வாசற்படியில், கதவு சாத்த முடியாதபடி அதைக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார்.

“என்னக்கா, காத்து வாங்க வந்துட்டீங்களா?” என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. உட்கார்ந்தபடியே கையை நீட்டி, ஃபேன் சுவிட்சைப் போட்டார்.